எண்ணாமல் அள்ளியது

போனவிஸ்தா. இரவு இரண்டே கால்.
ஆய்வுக்கூடத்தில் நான்,
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் ஒரு கண்ணாடித் தட்டு,
குளிர்சாதனத்தின் ஓயாத மூச்சு.
மூன்று நிமிடத்துக்கு ஒரு படம்.
எடுப்பது இயந்திரம்.
குவியம் நழுவாமல் பார்ப்பதும்
தூங்காமல் இருப்பதும்
என் சம்பளம்.

நீலம் குரோமோசோம். பச்சை மைட்டோகாண்ட்ரியா.

செல் உருண்டு திரளும்போது
நீலத்துக்கு நடக்கும் மரியாதையைப் பார்க்க வேண்டும்.
நட்டநடுவில் வரிசை,
ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் கயிறு,
ஒன்றில் கயிறு மாட்டவில்லை என்றாலும்
அத்தனையும் காத்திருக்கும்;
உட்லண்ட்ஸில் ஒருவரின் கடப்பிதழ் தகராறு செய்ய
சுற்றுலாப் பேருந்து மொத்தமும்
வெயிலில் நிற்குமே, அப்படி.

பச்சைக்கு இந்த உபசாரம் கிடையாது.
நூல்நூலாய் இருந்தது துண்டாகி
செல் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.
இடுப்பு இறுகும் நேரம்
எந்தப் பக்கம் நின்றதோ அந்தப் பக்கம்.
யாரும் எண்ணுவதில்லை.

சென்ற மாதம்
வீட்டுக்காரர் வீட்டை விற்றார்.
காமன்வெல்த், ஏழாம் மாடி, மூன்று வருடம்.
தமயந்தி பொங்கோலுக்கு, நான் கிளமெண்டிக்கு.
முன்பணம் காசு சுத்தமாகப் பாதி.
ஒப்பந்தத்துக்கு ஆளுக்கொரு நகல்.
மற்றதெல்லாம் கண்ணளவு.
கடுகை அவள் ஒரு மைலோ டப்பாவில் கவிழ்த்தாள்,
போதும் என்று நான் சொல்லும்வரை.
நான் சொல்லவில்லை.
சோற்றுப்பானையைப் பாதியாக்க முடியாது
என்று அரை மணி நேரம் சிரித்தோம்.
புத்தக அலமாரியைக் கழற்றி
ஆளுக்குச் சில பலகை, ஒரு பிடி திருகாணி.
முட்டாள்தனம்.
இரண்டு வீட்டிலும் அது சுவரில் சாய்ந்து கிடக்கிறது.
கோல்கை இதையேதான் செய்கிறது:
அடுக்கடுக்காய் இருந்தது பொடிப்பொடியாகி
இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம்.
ஆனால் விடியுமுன்
இரண்டு இடத்திலும் முழுசாய் நிற்கிறது.
அதற்குத் திருகாணி தொலைவதில்லை போல.

அடுத்த மேசை சுரயாவுடையது. அவள் வளர்ப்பது ஈஸ்ட்.
அதில் தாய் தாயாகவே இருக்கும்.
நல்ல மைட்டோகாண்ட்ரியா மொட்டுக்கு,
தேய்ந்தது தனக்கு.
இருபது, இருபத்தைந்து மொட்டு.
பிறகு ஒரு நாள் நின்றுவிடும்.
"தியாகம் என்று எழுதிவிடாதே,
அது வெறும் வடிகட்டி" என்பாள் சுரயா,
கையுறையை உரித்துக்கொண்டே.

என் தட்டில் தாய் மிஞ்சுவதில்லை.
இரண்டு சேய்கள் இருக்கின்றன.
தாய் எங்கே என்றால்
செத்ததற்குத் தடயம் இல்லை,
ஒரு பிணம்கூட இல்லை.
ஏழாம் மாடிச் சாவியை ஒப்படைத்தபோது
நான் திரும்பிப் பார்க்கவில்லை,
மின்தூக்கி வந்துவிட்டது.

மூன்று நாற்பது.
பிரிவதற்குச் சற்று முன்
உள்ளே எதுவோ பச்சையைக் குலுக்குகிறது.
இதைச் சென்ற வாரம்தான் கவனித்தேன்,
படங்களை வேகமாக ஓட்டியபோது.
சோழி குலுக்கும் கை மாதிரி.
பழுதானதெல்லாம் ஒரு மூலையில் தேங்கியிருந்தால்
ஒருத்திக்கே எல்லாம் போகும்.
கலைத்துவிட்டால்
இருவருக்கும் கொஞ்சம் பழுது,
இருவருக்கும் கொஞ்சம் தெம்பு.
எண்ணத் தெரியாத நேர்மை இது.
கடுகு நினைவுக்கு வந்தது.

பிரிந்தாயிற்று.
நடுவில் இன்னும் ஒரு மெல்லிய பாலம்,
பாலத்தின் மத்தியில் ஒரு முடிச்சு.
அறுந்த பிறகு அந்த முடிச்சு யாருக்கும் சொந்தமில்லை.
சில நேரம் ஒருத்தி விழுங்கிக்கொள்வாள்.
சில நேரம் அது மிதந்து போய்விடும்.

கைப்பேசி அதிர்ந்தது.
"தூங்கலையா? இடுக்கி உன்கிட்டயா?"

"இல்லையே" என்று அனுப்பினேன்.

காலையில் போய்
பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.